ரோட் ராஷ்: அடித்தும் ஜெயிக்கலாம், அடிக்காமலும் ஜெயிக்கலாம்

ரோட் ராஷ் என்ற பைக் ரேஸ் கேமின் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சங்கிலியைச் சுழற்றி பக்கத்து பைக்காரனை விளாசியதுதான். அந்த ரேஸில் எத்தனையாவதாக வந்தோம் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பிரவுசிங் சென்டரிலும் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபிலும் விளையாடிய காலத்தில் நேரம் முடிவதற்குள் நாலு பேரைக் கீழே தள்ளினால் போதும், ரேஸ் எக்கேடு கெட்டால் என்ன என்பதுதான் எல்லோருடைய கொள்கையும். தப்பில்லை, அதுவும் ஒரு விளையாட்டுதான். ஆனால் இப்போது திரும்ப எடுத்து விளையாடப் போகிறீர்கள், இந்த முறை கடைசி வரை முடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால் அந்தப் பழைய கொள்கை உதவாது. அதற்குத்தான் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த கேமில் குறைகள் நிறைய. சில குறைகள் காலத்தால் வந்தவை, சில அன்றைக்கே இருந்தவை. ஆனால் அந்தக் குறைகள் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொண்டால் அவற்றை வைத்தே ஜெயிக்கலாம். அதனால் நல்லது தனியாக, கெட்டது தனியாக என்று பிரித்து எழுதாமல், விளையாடும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எந்த ரோட் ராஷ்?

ஒரே பெயரில் பல கேம்கள் இருக்கின்றன, அதனால் இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991ல் சேகா மெகா டிரைவ் என்ற டிவி கேம் இயந்திரத்துக்காக வெளியிட்டதுதான் மூலம். அதன் இரண்டாம் பாகம் 1992ல், மூன்றாம் பாகம் 1995ல். இதற்கு நடுவே 1994ல் 3டிஓ என்ற இயந்திரத்துக்காக எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, பெயரை மட்டும் மாற்றாமல் ரோட் ராஷ் என்றே விட்டார்கள். அந்த 3டிஓ கேம்தான் பிறகு பிளேஸ்டேஷன், சாட்டர்ன் இயந்திரங்கள், 1996ல் விண்டோஸ் என்று பரவியது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் விளையாடியது இந்த விண்டோஸ் பதிப்பை. சிட்டி, பெனின்சுலா, பசிபிக் ஹைவே, சியரா நெவாடா, நாபா வேலி என்று ஐந்து பாதைகள் இருந்தால் நீங்கள் விளையாடியது அதுதான். எல்லாமே கலிபோர்னியா.

இங்கே சொல்வது பெரும்பாலும் இந்தப் பதிப்புக்கு. மெகா டிரைவ் கேமுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம்மிடையே கையிலிருந்து கைக்கு மாறிய பிரதிகள் பலவற்றில் வீடியோவும் பாட்டும் வெட்டப்பட்டிருந்தன, இடம் மிச்சம் பிடிக்க. அதனால் இது வெறும் பைக், சாலை, குத்து என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழு கேமில் ஜெயித்தாலும் தோற்றாலும் உண்மையான நடிகர்களை வைத்து எடுத்த கோமாளித்தனமான குட்டி வீடியோக்கள் வரும். சவுண்ட்கார்டன், மான்ஸ்டர் மேக்னட், ஸ்வெர்வ்டிரைவர், தெரபி? போன்ற ராக் குழுக்களின் பாடல்கள் மெனுவில் ஓடும். 1994ல் ஒரு பந்தய விளையாட்டுக்குள் அசல் ராக் பாடல்களைக் கொண்டுவந்து வைத்தது சின்ன விஷயமில்லை. அந்தப் பாடல்கள் ரேஸ் ஓடும்போது ஒலிக்காது என்பதுதான் என் பெரிய வருத்தம். சாலையில் இறங்கியதும் வேறொரு சாதாரண இசை வந்துவிடும். முழு வேகத்தில் போகும்போது எந்தப் பாட்டு வேண்டுமோ அதை மெனுவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. சரி, இதற்கு ஒரு வழி: ரேஸ் இசையை அமைப்புப் பக்கத்தில் குறைத்துவிட்டு உங்களுக்குப் பிடித்ததை பக்கத்தில் ஓட விடுங்கள். என்ஜின், சைரன் சத்தங்களை மட்டும் குறைக்காதீர்கள், ஏன் என்று கீழே வரும்.

ஓட வைப்பது

பழைய சிடி கையில் இருந்தால், இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓடினாலும் ஓடும், ஓடாமலும் போகும். நிறங்கள் குழம்பி, பச்சை ஊதா என்று கன்னாபின்னாவென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். இது 256 நிறங்களுக்காக எழுதப்பட்ட கேம், இன்றைய விண்டோஸ் அந்தக் கணக்கை மறந்துவிட்டது, அவ்வளவுதான். கேம் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், விண்டோஸ் 95 என்பதைத் தேர்வு செய்து, குறைந்த நிறங்கள், 640க்கு 480 ஆகிய இரண்டையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் மசியவில்லை என்றால் டைரக்ட்டிரா என்ற பழைய படம் வரையும் முறையை இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் டிஜிவூடூ மாதிரியான இலவச நிரல்கள் இருக்கின்றன.

இவ்வளவு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு பிளேஸ்டேஷன் பதிப்பை எமுலேட்டரில், அதாவது அந்த இயந்திரம் போலவே கம்ப்யூட்டரில் நடிக்கும் நிரலில், ஓட்டுவது சுலபம். டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டர் போதும். உங்களிடம் இருக்கும் வட்டிலிருந்தே பிரதி எடுத்துக்கொள்ளலாம். மெகா டிரைவ் கேம்கள் வேண்டுமென்றால் 2006ல் பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவிக்கு வந்த இஏ ரீப்ளே தொகுப்பில் மூன்று பாகமும் இருக்கின்றன. போனில் தொடுதிரையில் விளையாடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்பவும் வேண்டும், குத்தவும் வேண்டும், கண்ணாடித் திரையில் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே போகும். இருபது ரூபாய் விசைப்பலகையானாலும் பரவாயில்லை, அழுத்தினால் அழுந்த வேண்டும்.

முதலில் சாலை, அப்புறம் சண்டை

கேமைத் திறந்ததும் இரண்டு வழி இருக்கும். த்ராஷ் மோடில் எந்தப் பாதையையும் எடுத்து நேராக ஓட்டலாம், காசு கணக்கு கிடையாது. பிக் கேம் மோடுதான் முழு ஆட்டம்: ஐந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் அதே ஐந்து பாதைகள், எல்லாவற்றிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால்தான் அடுத்த நிலை. மெகா டிரைவில் நான்காவது இடம் வந்தாலும் விட்டுவிடுவார்கள்.

பிக் கேமுக்கு அவசரப்பட வேண்டாம். த்ராஷில் ஒவ்வொரு பாதையையும் யாரையும் அடிக்காமல் ஓட்டிப் பழகுங்கள். போரடிக்கும், தெரியும். ஆனால் இதில் ஆளைக் காலி பண்ணுவது எதிராளிகளைவிட கார்கள்தான். அதோடு நமக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது கலிபோர்னியா, அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். நமக்கு ஆபத்து என்றால் கை தானாக இடப்பக்கம் ஒதுங்கும், பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியது. இந்த கேமில் இடப்பக்கம் ஒதுங்கினால் எதிரே வரும் காரின் மடியில்தான் போய் உட்கார வேண்டும். இந்தப் பழக்கத்தை உடைப்பதற்காகவே த்ராஷில் கொஞ்ச நேரம் செலவழிக்கலாம். நடுக்கோட்டுக்கு வலப்புறம்தான் உங்கள் வீடு. இடப்புறம் போவது முந்துவதற்கு மட்டும், போனதும் திரும்பி வந்துவிட வேண்டும்.

பார்வையை எங்கே வைப்பது என்பதும் பழக வேண்டிய ஒன்று. புதிதாக விளையாடுபவர்கள் தங்கள் பைக்கையே பார்ப்பார்கள். பைக் எங்கும் ஓடிப்போகாது. சாலை அடிவானத்தைத் தொடும் இடத்தில் கண்ணை வையுங்கள், அங்கே ஒரு புள்ளி தெரிந்தால் அது கார் என்று வைத்துக்கொண்டு இப்போதே ஒரு பக்கம் முடிவு செய்துவிடுங்கள். புள்ளி காராக வளர்ந்த பிறகு முடிவு செய்ய நேரம் இருக்காது. இங்கேதான் படத்தின் பழமை தொல்லை கொடுக்கிறது. அந்தக் காலத்துத் தெளிவில் தூரத்துக் கார் நாலைந்து கட்டங்களாகத்தான் தெரியும், உங்கள் பக்கம் போகிறதா எதிரே வருகிறதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை மட்டும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மேடுகளில் இன்னும் மோசம். ஏற்றத்தின் உச்சியைத் தாண்டியதும் பைக் பறக்கும், பறக்கும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. பறப்பது ஜாலியாகத்தான் இருக்கும், இந்த கேமில் மிகவும் சுகமான கணம் அதுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் உச்சியை நெருங்கும்போது வலது ஓரமாக ஒட்டிக்கொள்ளுங்கள், நடுவில் இருக்கவே இருக்காதீர்கள். முன்னால் போகிற காரின் பின்னால் முட்டினாலும் விழுவீர்கள்தான், ஆனால் எதிரே வருவதைவிட முன்னால் போவதைத் தவிர்க்க ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும்.

சிட்டி பாதையை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்னாலும் எதிரேயும் மட்டுமில்லை, குறுக்குத் தெருக்களிலிருந்தும் வண்டிகள் வரும். நாபா வேலி புதியவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து, வேறு யாராவது பசிபிக் ஹைவே என்பார்கள்.

சரி, இனி அடிக்கலாம்

ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: இவனை ஏன் அடிக்கிறேன்? அடிக்கிற நேரம் முழுவதும் நீங்கள் அவனுடைய வேகத்தில்தான் போகிறீர்கள். அவனோடு ஒட்டிக்கொண்டு போக சாலையின் ஏதோ ஒரு பாதியில் மாட்டிக்கொள்கிறீர்கள். கண்ணும் அடிவானத்திலிருந்து கீழே இறங்கிவிடுகிறது. அதாவது மேலே சொன்ன மூன்று பழக்கமும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. அதனால்தான் நாலு பேரை அடித்தவன் கடைசியில் வருகிறான்.

அடிக்க வேண்டிய ஆள் மூன்று வகை. ஒன்று, உங்களை அடிக்க ஆரம்பித்துவிட்டவன். அவனை விட்டுவிட்டு ஓடினால் பின்னாலேயே வந்து மொத்துவான். இரண்டு, கையில் ஆயுதம் வைத்திருப்பவன். மூன்று, கடைசி நீட்டத்தில் உங்களுக்கு முன்னால் மூன்றாவது இடத்தில் இருப்பவன். மற்றவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆயுதம் வைத்திருப்பவன் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த கேமின் மொத்த அழகும் இதில்தான் இருக்கிறது. ஒருவன் தடியோடு உங்கள் வலப்பக்கம் வந்து சேர்கிறான். தடியை உடனே வீச மாட்டான், முதலில் கையை உயர்த்துவான். அந்த உயர்த்தலுக்கும் வீச்சுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் நீங்கள் குத்தினால் குத்து அவன் முகத்தில் விழாது, தடி உங்கள் கைக்கு வந்துவிடும். கண் இமைக்கும் நேரத்தில் அவன் வெறுங்கை, உங்கள் கையில் தடி. முந்திக் குத்தினால் வெறும் குத்து, பிந்தினால் மண்டையில் தடி. தொடர்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்போதாவது தற்செயலாகப் பிடிபடும், ஆனால் கையைப் பார்த்து ஒரே தட்டில் பிடுங்கினால் வரும் திருப்தி வேறு. அன்றைக்கு லேபில் இதைத் தெரிந்தவனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றிருக்கும்.

இதே சண்டையின் குறையும் பக்கத்திலேயே இருக்கிறது. அடி எங்கே படும் என்பது சரியாகத் தெரியாது. பைக்குகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது போலத் தெரியும், ஆனால் நீங்கள் அவனைவிட அரை வண்டி முன்னால் இருந்தால் கை காற்றில் போகும். இது தட்டைப் படங்களை அடுக்கி ஆழம் காட்டும் முறை, அதனால் முன்பின் தூரத்தைக் கண் ஏமாந்துபோகும். ஒரு சூட்சுமம்: திரையில் அவனுடைய சக்கரமும் உங்கள் சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், தலையைப் பார்க்காதீர்கள். சக்கரங்கள் ஒரே கோட்டில் இருந்தால் அடி படும்.

குத்தும் உதையும் ஒன்றல்ல. குத்து அவன் பலத்தைக் குறைக்கும். உதை அவனைப் பக்கவாட்டில் தள்ளும். பலத்தைக் கரைத்து விழ வைப்பதைவிட தள்ளி விழ வைப்பது எவ்வளவோ சீக்கிரம். எதிரே கார் வருகிறது, அவன் உங்கள் இடப்பக்கம் இருக்கிறான் என்றால் ஒரே உதை, மீதியைக் கார் பார்த்துக்கொள்ளும். இதற்காகவே எப்போதும் எதிராளியை உங்கள் இடப்பக்கம், அதாவது எதிர்வரும் வண்டிகளின் பக்கம் இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். அவன் வலப்பக்கம் வந்துவிட்டால் நீங்கள்தான் பலி ஆடு.

வளைவிலும் இதே கணக்குதான். வளைவு இடப்பக்கம் திரும்பினால் பைக் தானாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், வெளிப்புறம் இருப்பவன் ஓரத்துப் பலகையிலோ மரத்திலோ போய் மோதுவான். அதனால் வளைவுக்கு முன்னால் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் இருப்பவனுக்கு ஒரு உதை கொடுத்தால் போதும். நேர்ச்சாலையில் மட்டும் குத்துச்சண்டை, வளைவில் உதை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டாலே விழுவது பாதியாகக் குறையும்.

அடிப்பொத்தானோடு எந்தத் திசையை அழுத்தினால் எந்த அடி வரும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும், அமைப்புப் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விழுந்தால்

விழத்தான் செய்வீர்கள். பைக் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆள் உருண்டு எழுந்து பைக்கை நோக்கி ஓட வேண்டும், அந்த ஓட்டத்தை நீங்கள்தான் இயக்க வேண்டும். பலர் இதைத் தெரியாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓடும்போது சாலையின் நடுவே ஓடினால் கார் ஒன்று வந்து திரும்பவும் தூக்கி எறியும், அப்புறம் இன்னொரு உருளல். ஓரமாக இறங்கி, சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

விளையாடுபவர்களை 1991லேயே சிரிக்க வைத்த விஷயம் இதுதான். மற்ற பந்தய கேம்களில் மோதினால் வண்டி மறைந்து புது வண்டி வந்துவிடும். இதில் ஹெல்மெட் போட்ட ஒரு மனிதன் தன் வண்டியைத் தேடி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருப்பான். ரசிக்க நன்றாக இருக்கும், ஆனால் கடைசி நிலைகளில் இதே விஷயம் எரிச்சலைக் கிளப்பும். ஒரு பெரிய விபத்தில் பைக் வெகுதூரம் போய் விழுந்தால் திரும்ப ஏறுவதற்குள் பாதிப் பேர் கடந்துவிடுவார்கள்.

எல்லோரும் ஏன் பக்கத்திலேயே இருக்கிறார்கள்?

இதைக் கவனித்திருப்பீர்கள். தரக்குறைவான பைக்கில் போனாலும் எதிராளிகள் கொஞ்ச தூரத்திலேயே இருப்பார்கள். நன்றாக ஓட்டி முன்னால் வந்தாலும் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டே வருவான். ரப்பர் பேண்ட் கட்டி வைத்தது போல. நீங்கள் பின்தங்கினால் அவர்கள் கொஞ்சம் தளர்வார்கள், முன்னேறினால் அவர்களும் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

தூய பந்தய ரசிகர்களுக்கு இது ஏமாற்று வேலை. ஒழுங்காக ஓட்டியதற்குப் பலன் இல்லை என்று கோபப்படுவார்கள், நியாயமான கோபம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ரேஸர்கள் சிதறிப் போய்விட்டால் அடிப்பதற்கு ஆள் எங்கே இருக்கும்? சண்டை நடக்க வேண்டுமென்றால் எல்லோரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இந்தக் குறையை எடுத்துவிட்டால் கேமே இல்லை.

ஜெயிக்க விரும்புபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது. தொடக்கத்தில் உயிரைக் கொடுத்து முதல் இடத்துக்குப் போவதில் லாபமில்லை. முன்னால் போகப்போக எல்லோரும் உங்கள் முதுகில்தான் ஏறுவார்கள், கூடவே போலீஸும். முதல் பாதியில் ஐந்து, ஆறாவது இடத்தில் இருந்துகொண்டு, விழாமல், பலத்தைக் காப்பாற்றிக்கொண்டு போங்கள். கடைசிப் பகுதியில் நெருக்கமாக இருக்கும் கூட்டத்துக்குள் புகுந்து ஒரே மூச்சில் மூன்று பேரைத் தாண்டுங்கள். நைட்ரோ (திடீர் வேகம் கொடுக்கும் வசதி) உள்ள சூப்பர் பைக் வாங்கிய பிறகு அதையும் இங்கேதான் செலவழிக்க வேண்டும், தொடக்கக் கோட்டில் அல்ல.

போலீஸ், காசு

போலீஸ்காரர்கள் பின்னாலிருந்து வருவார்கள். இதற்குத்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்றேன், திரையில் தெரிவதற்கு முன்பே சைரன் காதில் விழுந்துவிடும். போலீஸ் உங்களை அடிப்பதால் மட்டும் ஆட்டம் முடியாது. நீங்கள் விழுந்து கிடக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தால், அல்லது வேகம் குறைந்து நின்றுவிட்டால்தான் பிடிபடுவீர்கள். பிடிபட்டால் ரேஸ் அங்கேயே முடிந்தது, மேலே அபராதம் வேறு. அதனால் சைரன் கேட்டதும் செய்ய வேண்டியது வேகத்தைக் கூட்டுவது அல்ல, விழாமல் இருப்பது. சண்டையில் இருந்தால் விலகுங்கள், நடுக்கோட்டை விட்டு வலப்பக்கம் வாருங்கள், கார்களை மட்டும் பாருங்கள். போலீஸையும் உதைத்துத் தள்ளலாம், எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு, செய்துதான் பார்ப்பீர்கள். ஆனால் அவரோடு கட்டிப்புரளும்போது நீங்களும் விழுந்தால் கதை முடிந்தது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் பலர் கோட்டை விடுவது கடையில். முதல் இரண்டு ரேஸில் கொஞ்சம் சேர்ந்ததும் கையில் இருப்பதையெல்லாம் கொட்டி அடுத்த பைக்கை வாங்கிவிடுவார்கள். அடுத்த ரேஸில் பைக் நொறுங்கினால் ரிப்பேர் செலவு, பிடிபட்டால் அபராதம், கட்டக் காசு இல்லையென்றால் ஆட்டமே முடிந்துவிடும். எப்போதும் ஒரு ரிப்பேருக்கும் ஒரு அபராதத்துக்கும் ஆகும் பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு மீதியில் வாங்குங்கள். முதல் நிலைக்கு ஆரம்பப் பைக்கே போதும். எதிராளிகள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள் என்று மேலே பார்த்தோமே, அந்தச் சலுகை சின்ன பைக்குக்குத்தான் அதிகம் உதவும். நடுத்தர விலையில் ஒன்று வாங்கி, பிறகு அதைவிடக் கொஞ்சம் நல்லது ஒன்று என்று படிப்படியாகப் போவதைவிட, சேர்த்து வைத்து ஒரே தாவலாகப் பெரியதற்குப் போவதே நல்லது. ஆனால் புது பைக் வாங்கியதும் உடனே பிக் கேம் ரேஸுக்குப் போனால் முதல் வளைவிலேயே வெளியே போவீர்கள், வேகம் கூடும்போது வளைவில் இழுப்பும் கூடும். பழகிய பாதை ஒன்றை முதலில் எடுங்கள்.

சலிப்பு எங்கே வரும்

மூன்றாவது நிலையில். இது நிச்சயம். அதே ஐந்து பாதைகள், கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் வேகமாக. புதிய இடம் எதுவும் வராது. நான்காவது நிலைக்கு வந்தால் ஒரு ரேஸ் இவ்வளவு நீளமா என்று தோன்றும், அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்து கடைசி மைலில் ஒரு காரில் முட்டினால் விசைப்பலகையைத் தூக்கி எறியத் தோன்றும். இந்த கேமின் மிகப்பெரிய குறை எது என்று கேட்டால் அடி சரியாகப் படாததையோ படம் பழையதாக இருப்பதையோ சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். ஐந்து நிலைக்குச் சரக்கு இல்லை, மூன்றுக்குத்தான் இருக்கிறது.

அதனால் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். உட்காரும்போது இரண்டு ரேஸ், மூன்று ரேஸ், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நிலையில் ஐந்து பாதைகளையும் எந்த வரிசையிலும் எடுக்கலாம் என்பதால், கஷ்டமானதை முதலில் முடித்துவிட்டு, சுலபமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலை முடியும் நேரத்தில் பல்லைக் கடிக்க வேண்டியிருக்காது.

இடையிடையே கேமுக்குள்ளேயே இருக்கும் டெர் பான்சர் கிளப்பில் போய் மற்ற ரேஸர்கள் பேசுவதைக் கேளுங்கள். பெரிதாக உதவாது, ஆனால் அந்தக் கிண்டல்கள் இல்லாவிட்டால் சாலையில் நீங்கள் உதைப்பவர்கள் எல்லாம் வெறும் பெயர்கள்தான். ஒருவன் திமிராகப் பேசியதைக் கேட்டுவிட்டு அவனை காரில் தள்ளினால் ஒரு தனி சுகம்.

முடித்த பிறகு

இன்னும் ஆசை தீரவில்லை என்றால் மெகா டிரைவின் இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். அலாஸ்கா, ஹவாய், டென்னசி, அரிசோனா, வெர்மான்ட் என்று ஊர் மாறும், திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ உட்கார வைத்து அடித்துக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. முதல் பாகத்தில் படம் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும், அதற்குப் பழக நேரம் எடுக்கும். மூன்றாம் பாகம் உலகம் சுற்றும், பிரேசில் முதல் கென்யா வரை, ஆயுதங்களும் கூடுதல். 1998ல் வந்த 3டி பாகத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓட்டுவதில் அக்கறை காட்டிவிட்டுச் சண்டையைச் சுருக்கிவிட்டார்கள், அதற்கு வேறு எத்தனையோ ரேஸ் கேம் இருக்கிறதே. 2000ல் வந்த ஜெயில்பிரேக்கில் பக்கத்தில் தொட்டி கட்டிய பைக்கில் ஒருவர் ஓட்ட இன்னொருவர் அடிக்கலாம், அதற்காக மட்டும் ஒருமுறை பார்க்கலாம்.

இன்றைய கம்ப்யூட்டரில் எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் 2017ல் வந்த ரோட் ரிடெம்ப்ஷன் இருக்கிறது. வேறு ஆட்கள் செய்தது, ஆனால் ரோட் ராஷ் மேல் பைத்தியமாக இருந்தவர்கள் செய்தது என்பது முதல் ரேஸிலேயே தெரிந்துவிடும். வாள், துப்பாக்கி எல்லாம் வந்துவிட்டதால் கொஞ்சம் ரத்தக்களறி, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். சக்கரத்தைப் பார்த்து அடிக்கிற பழக்கமும், எதிராளியைக் கார் வரும் பக்கம் வைத்துக்கொண்டு உதைக்கிற பழக்கமும் அங்கேயும் அப்படியே செல்லும்.